மூச்சை விட்டுட்டுக் கட்டு

வானொலி நேயர்களுக்கு வணக்கம். நான் வேலூரில் நர்சிங் படித்து, முப்பத்து நாலு வருஷம் வார்டில் நின்று ஓய்வு பெற்றவள். இப்போது வாலிபர் கூட்டங்களுக்குப் பேசக் கூப்பிடுகிறார்கள். போகிற இடமெல்லாம் பிள்ளைகள் கேட்பது இதுதான்: "ஆன்ட்டி, நாலு பேர் முன்னால் நான் கிறிஸ்தவன் என்று சொல்லத் தைரியம் வரமாட்டேங்குதே?" பைக்கில் வசனம் ஒட்டியிருக்கிற பையனும் இதையேதான் கேட்கிறான்.

வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியைத் தொடங்கிய டாக்டர் ஐடா ஸ்கடர் கதை உங்களில் பலருக்குத் தெரியும். 1870இல் ராணிப்பேட்டையில் பிறந்தவர். அமெரிக்காவில் படித்துவிட்டு, அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று திண்டிவனம் வந்தார். மிஷனரி வேலையே வேண்டாம், திரும்பிப் போய்விடலாம் என்றிருந்தார். ஒரே இரவில் மூன்று பேர் வந்து, பிரசவத்தில் தவிக்கும் மனைவிக்கு உதவக் கூப்பிட்டார்கள். அப்பா டாக்டர்தான், ஆனால் ஆண் வைத்தியர் கூடாது என்றுவிட்டார்கள். மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். பிரசங்கங்களில் இந்தக் கதையைச் சொல்லி அவரை வீராங்கனையாக்கிவிடுகிறோம். அந்த இரவில் அவருக்கு ஒரு கைவைத்தியம்கூடத் தெரியாது! டாக்டர் பட்டம் வாங்கியது 1899இல். தைரியம் முதலில், வேலை அப்புறம் என்று அவருக்கு நடக்கவில்லை.

எனக்கும் நடக்கவில்லை. குடியாத்தம் சாலையில் வண்டியை மரத்தடியில் நிறுத்தி வைத்தியம் பார்க்கும் வழக்கம் ஐடா அம்மா தொடங்கியது. நாங்களும் படிக்கும்போது கிராமங்களுக்குப் போவோம். ஒரு பாட்டி, தொழுநோய் கண்டவர், உள்ளங்காலில் ஆழமான புண். கட்டை அவிழ்த்ததும் அடித்த நாற்றத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். கை வேறு நடுங்குகிறது. "வலிக்குதா பாட்டி?" என்றேன்.

பாட்டி சிரித்துவிட்டார். "வலிச்சிருந்தா இந்தப் புண்ணே வந்திருக்காது பாப்பா. நீ மூச்சை விட்டுட்டுக் கட்டு."

உணர்வில்லாத கால், முள் குத்தியதே தெரியாமல் நடந்திருக்கிறார். தைரியம் சொல்லப் போனது நான், சொன்னது அவர். முடிச்சுப் போடும்போது, "வேதக்காரப் பொண்ணா நீ?" என்றார். "ஆமா பாட்டி" என்றேன். அதுவரை யாரிடமும் இவ்வளவு லேசாக நான் கிறிஸ்தவள் என்று சொன்னதில்லை.

இயேசு சீடர்களின் கால்களைக் கழுவியதை நினைத்து, பெரிய வியாழனன்று தேவாலயத்தில் பன்னிரண்டு பேருக்குப் பாதிரியார் கால் கழுவுகிறாரே, எல்லாம் வீட்டிலேயே சோப்புப் போட்டுத் தேய்த்து வந்த கால்கள். குறை சொல்லவில்லை, அதுவும் வேண்டும். ஆனால் நான் சொல்லும் கால் வேறே.

பாட்டி கதையிலேயே நேரம் போய்விட்டது. வாலிபர்கள் என்ன செய்யலாம் என்று ஒரு பக்கம் எழுதி வைத்திருந்தேன். ஒன்றை மட்டும் சொல்கிறேன். அரசு ஆஸ்பத்திரி வாசலில் கூட ஆளில்லாமல் ஒருவர் மருந்துச் சீட்டோடு நிற்பார். அவரை உட்காரவைத்துவிட்டு, வரிசையில் நீங்கள் நில்லுங்கள். என்ன பேசுவது என்று யோசிக்க வேண்டாம்; "சாப்பிட்டீங்களா?" என்றால் போதும், மீதியை அவரே பேசுவார்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். வணக்கம்.