சாமியாரைத் திருப்பிக் கேட்டவர்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

கத்தோலிக்கக் குடும்பத்தில் வளர்ந்தவர்களுக்கு மே மாதம் என்றால் சாமியார் மாற்றலும் நினைவுக்கு வரும். நல்ல சாமியாராக இருந்தால் பங்கில், அதாவது அந்தக் கோவிலைச் சேர்ந்த மக்களிடையே, ஒரு வாரம் அதே பேச்சுதான். நாலு பேர் வேன் பிடித்து ஆயர் இல்லத்துக்கு, அதாவது பிஷப் வீட்டுக்கு, போய்க் கேட்டுப் பார்ப்பார்கள். ஜூனில் புதியவர் வந்துவிடுவார், அவரும் நல்லவராக இருந்தால் எல்லாம் சரியாகிவிடும். ஆனால் மாற்றல் வேறு, நீக்கம் வேறு. நீக்கப்பட்ட சாமியாருக்காக ஒரு பங்கே எழுந்து நின்றால் என்ன ஆகும் என்பதைத்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில், ஆற்றுக்குத் தென்கரையில், புனித மரியாள் கோவில் இருக்கிறது. பீட்டர் கென்னடி என்ற சாமியார் அங்கே ஏறக்குறைய 28 ஆண்டுகள் பணிசெய்தார். பக்கத்திலேயே மஸ்கிரேவ் பூங்கா. ஆஸ்திரேலியப் பூர்வகுடிகள் காலங்காலமாகக் கூடும் இடம் அது. வீடில்லாதவர்கள், மற்றக் கோவில்களில் ஒட்ட முடியாமல் போனவர்கள், ஓரினச் சேர்க்கையாளர்கள் என்று பலரும் கென்னடியின் பூசைக்கு வந்தார்கள். வீடற்றோருக்காக வேலைசெய்யும் மைக்கா புராஜெக்ட்ஸ் என்ற அமைப்பு இந்தக் கோவிலில் பிறந்ததுதான். ஞாயிற்றுக்கிழமை கோவில் நிறைந்து வழியும். மேலைநாடுகளில் பல கோவில்கள் காலியாகிக்கொண்டிருந்த காலத்தில் இது சின்ன விஷயம் இல்லை.

ஆனால் ரோமுக்குப் புகார்களும் போயின. பெண்கள் மறையுரை ஆற்றுகிறார்கள், ஒரே பாலினத்தவர் இணைகளுக்கு ஆசீர் தருகிறார்கள், கோவிலுக்குள் புத்தர் சிலை இருக்கிறது என்றெல்லாம். இவற்றைவிடக் கனமான புகார் ஒன்று இருந்தது, ஞானஸ்நானம். ‘தந்தை, மகன், தூய ஆவியின் பெயரால்’ என்ற சொற்களை அங்கே மாற்றியிருந்தார்கள். தந்தை, மகன் என்பவை ஆண்பாலாக இருக்கின்றன என்பது காரணம். 2008 பிப்ரவரியில் வத்திக்கான், உலகம் முழுமைக்கும் பொதுவாக, ‘படைப்பவர், மீட்பவர், புனிதப்படுத்துபவர்’ என்று சொல்லிக் கொடுத்த ஞானஸ்நானம் செல்லாது என்று அறிவித்தது. இந்த ஒரு விஷயத்தில் நான் பிரிஸ்பேன் பேராயர் பக்கம்தான். சாமியார் மேல் உள்ள நம்பிக்கையில் பிள்ளையைக் கொண்டுவருகிற பெற்றோருக்கு, அது செல்லுமா செல்லாதா என்ற சந்தேகத்தைக் கொடுத்தனுப்ப யாருக்கும் உரிமை இல்லை.

2009 பிப்ரவரியில் பேராயர் ஜான் பேதர்ஸ்பி கென்னடியைப் பொறுப்பிலிருந்து விலக்கினார். கென்னடி போக மறுத்தார். மக்கள் அவருடன் நின்றார்கள். பூசைக்குக் கூட்டம் இன்னும் பெருகியது, தொலைக்காட்சி கேமராக்கள் வாசலில் நின்றன. உச்ச நீதிமன்ற முன்னாள் நீதிபதி ஒருவரை வைத்துச் சமரசம் பேசலாம் என்ற யோசனைகூட வந்தது.

சரி, இப்படி நிற்கும் மக்களுக்குத் திருச்சபைச் சட்டம் என்ன தருகிறது? 1983-ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பில் 1740 முதல் 1747 வரையுள்ள விதிகள் பங்குத்தந்தையை நீக்குவது பற்றியவை. சாமியார் குற்றம் செய்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை, அவருடைய பணி பயனற்றுப் போயிருந்தாலே ஆயர் நீக்கலாம். ஆயர் முதலில் இரண்டு பங்குத்தந்தையருடன் கலந்துபேச வேண்டும், பிறகு 15 நாளுக்குள் பதவி விலகும்படி தந்தைக்குரிய பரிவோடு கேட்க வேண்டும். ‘தந்தைக்குரிய பரிவோடு’ என்பதும் விதியில் உள்ளதுதான். நீக்கிய பிறகு சாமியார் மேல்முறையீடு செய்ய விரும்பினால், முதலில் ஆணையை மாற்றும்படி ஆயரிடமே 10 நாளுக்குள் எழுத்தில் கேட்க வேண்டும். அப்புறம்தான் ரோம். அங்கே முடிவு வரும்வரை ஆயர் அந்தப் பங்குக்குப் புதிய பங்குத்தந்தையை நியமிக்க முடியாது, தற்காலிகமாக ஒரு நிர்வாகியை மட்டும் வைக்கலாம்.

இந்த நடைமுறையில் மக்களுக்கு இடம் எங்கே? 212-ஆம் விதி, மேய்ப்பர்களிடம் தங்கள் கருத்தைச் சொல்லும் உரிமை மக்களுக்கு உண்டு என்கிறது. சொல்லலாம், அவ்வளவுதான். நீக்கத்துக்கான காரணங்களை அடுக்கும் 1741-ஆம் விதியில் ஒரு வேடிக்கை இருக்கிறது. பங்கு மக்களுக்குச் சாமியார் மேல் வெறுப்பு வந்து, அது சீக்கிரம் தணியாது என்று தெரிந்தால், அவரை நீக்க அதுவே ஒரு காரணம். ஆனால் மக்களின் அன்பு, அவர் இருப்பதற்குக் காரணம் என்று எங்கேயும் எழுதப்படவில்லை. நம் வெறுப்புக்குச் சட்டத்தில் உள்ள எடை நம் அன்புக்கு இல்லை.

இதைப் படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. பிறகு பாஸ்டன் நினைவுக்கு வந்தது. 2002-இல் அமெரிக்கத் திருச்சபையில் சிறார் பாலியல் கொடுமைகள் அம்பலமானபோது, மக்கள் உருகிப் பாராட்டிய சாமியார்கள் சிலரும் அந்தப் பட்டியலில் இருந்தார்கள். ‘எங்கள் ஃபாதர் அப்படிப்பட்டவர் இல்லை’ என்ற சொல் பல இடங்களில் பிள்ளைகளின் வாயை அடைத்தது. அன்பைச் சான்றாக எடுத்துக்கொள்ளாமல் இருப்பதில் நியாயம் உண்டு. அதற்காக அன்பு வைத்தவர்களை உட்காரவைத்துக் காரணத்தைச் சொல்லக் கூடாது என்று ஆகிவிடுமா? பல நீக்கங்களில் மக்களுக்குக் கிடைப்பது ஒரு பக்கக் கடிதம் மட்டும்தான். எனக்கு உறுத்துவது அதுதான்.

பிரிஸ்பேன் முதல் சம்பவமும் அல்ல. அமெரிக்காவின் ரோச்செஸ்டரில் 22 ஆண்டுகள் பங்குச் சாமியாராக இருந்த ஜேம்ஸ் காலன் 1998-இல் அகற்றப்பட்டார். மக்கள் எவ்வளவோ போராடியும் அவர் திரும்பவில்லை. அடுத்த ஆண்டு அவர்கள் ஸ்பிரிட்டுஸ் கிறிஸ்டி என்ற தனிச் சபையாகப் பிரிந்தார்கள். திருப்பிக் கேட்டுப் போனவர்கள் கடைசியில் தாங்களே வெளியே போனார்கள்.

பிரிஸ்பேனிலும் அதுதான் நடந்தது. 2009 ஏப்ரல் 19 ஞாயிற்றுக்கிழமை, கென்னடி கோவிலில் கடைசிப் பூசை வைத்தார். பிறகு பல நூறு பேர் அவரோடு எழுந்து, பீல் தெருவில் உள்ள தொழிற்சங்கக் கட்டடத்துக்கு நடந்தே போனார்கள். நெடுந்தூரம் இல்லை, கூப்பிடு தூரம்தான். அங்கே தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயர் ‘நாடுகடத்தப்பட்ட புனித மரியாள்’. எல்லாரும் போய்விடவில்லை, சிலர் பழைய பீடத்தோடே தங்கினார்கள். கோவிலில் பூசையும் நிற்கவில்லை.

இரண்டு ஆண்டு கழித்து, பிரிஸ்பேனுக்கு மேற்கே உள்ள தூவூம்பா மறைமாவட்டத்தில் ஆயரே நீக்கப்பட்டார். வில்லியம் மோரிஸ் என்ற அந்த ஆயர், பெண்களுக்குக் குருப்பட்டம் கொடுப்பது பற்றிய பேச்சை 2006-இல் ஒரு மடலில் எழுதியிருந்தார். 2011 மே மாதம் திருத்தந்தை, அதாவது போப், அவரை விலக்கினார். திருத்தந்தையின் தீர்ப்புக்கு மேல்முறையீடே கிடையாது. அங்கும் குருக்களும் மக்களும் வருந்தினார்கள், எழுதினார்கள், கேட்டார்கள்.

கென்னடிக்குப் பதிலாகப் புனித மரியாள் கோவிலுக்கு அனுப்பப்பட்டவர் பேராலயத்தில் இருந்த கென் ஹவல் என்ற சாமியார். பங்கில் பலர் வெளியே நடந்துபோன பிறகு மீதிப் பங்கைப் பார்த்துக்கொள்ளும் வேலை அவருக்கு. 2017-இல் அவர் பிரிஸ்பேனின் துணை ஆயரானார். 2023-இல் அவரை ஓர் மறைமாவட்டத்துக்கே ஆயராக அனுப்பினார்கள். எங்கே தெரியுமா? தூவூம்பாவுக்கு.

நன்றி, வணக்கம்.