வெடி என்றால் என்ன?

நேயர்களுக்கு வணக்கம். காவல்துறையின் அதிரடிப் படைகள் சேர்ந்து பயிற்சி எடுப்பது பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். பணிக்காலத்தில் பாதியை அந்தப் பயிற்சியில் கழித்தவன் ஆயிற்றே, துப்பாக்கியைப் பற்றிச் சொல்வான் என்று எதிர்பார்ப்பீர்கள். இல்லை, சொற்களைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

நாகர்கோவிலிலிருந்து சென்னை ஏறத்தாழ 700 கிலோமீட்டர். திருவனந்தபுரமோ 70 கிலோமீட்டருக்குள். 2008-இல் மும்பை தாக்கப்பட்டபோது, தேசியப் பாதுகாப்புப் படை டெல்லிக்கு அருகிலுள்ள மானேசரிலிருந்து வந்து சேர மணிக்கணக்கில் ஆயிற்று. பிறகுதான் சென்னை உட்பட நான்கு நகரங்களில் அந்தப் படைக்குத் தளம் அமைத்தார்கள். நல்லதுதான். ஆனால் நமக்கு அது அதே 700 கிலோமீட்டர். அவசரத்துக்கு ஓடிவரக்கூடிய பக்கத்து வீட்டுக்காரர், நம் கன்னியாகுமரி மாவட்டத்தைப் பொறுத்தவரை, வேறு மாநிலத்துக்காரர். துரத்திக்கொண்டு எல்லை தாண்டிப் போய்க் கைது செய்யச் சட்டம் இடம் தருகிறது. தடுப்பது மொழிதான்.

ஒருமுறை எல்லைக்கு அருகே ரப்பர் தோட்டத்துக்குள் இருந்த பழைய கட்டடத்தில் கூட்டு ஒத்திகை. உள்ளே 'பயங்கரவாதிகள்': கைலி கட்டிய நம் ஆட்கள் இரண்டு பேர். முன்வாசலில் கேரளக் குழு. பின்வாசலில் நாங்கள், எங்களில் பலர் மதுரைப் பக்கத்து இளைஞர்கள். உள்ளே சுடும் சத்தம். வாக்கிடாக்கியில் "வெடி, வெடி!" என்று ஒரு குரல். எங்கள் பையன்கள் வெடிகுண்டு என்று எண்ணி, கற்றுக்கொடுத்தபடியே வெகுதூரம் பின்வாங்கிவிட்டார்கள். மலையாளத்தில் வெடி வைப்பது என்றால் சுடுவது! மலையாளம் பழகிய, எல்லையோர விளவங்கோட்டுக்காரர் ஒருவர் குழுவில் இருந்திருந்தால் விளக்கியிருப்பார். காவலில்லாத பின்வாசல் வழியாகக் கைலிக்காரர்கள் இருவரும் நடந்தே வெளியேறினார்கள். ஆம், ஓடக்கூட இல்லை. சாலையோரக் கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்களைக் கண்டுபிடித்து, காசு கொடுத்தது நான்.

அன்றிலிருந்து போகும் இடமெல்லாம் இதையே சொல்லி வருகிறேன், சலித்துக்கொண்டவர்கள் உண்டு. வாக்கிடாக்கி ஒரே அலைவரிசையில் இருந்தால் போதாது, சொல்லும் ஒன்றாக இருக்க வேண்டும். நாம் 'வடக்குப்புறம்' என்போம். இருட்டில் வெளியூர்க்காரருக்கு வடக்கு எங்கே தெரியும்? 'வலது பக்கம்' என்றால் யாருடைய வலது? அதனால் கட்டடத்தின் பக்கங்களுக்கு எண் வைக்க வேண்டும். உங்கள் வீட்டையே நினைத்துக்கொள்ளுங்கள். தெருவைப் பார்த்த பக்கம் ஒன்று. அங்கிருந்து கடிகாரம் சுற்றுகிற திசையில் இரண்டு, மூன்று, நான்கு. கொல்லைப்புறம் மூன்று. எந்த மொழிக்காரனும் நான்கு எண்களை ஒரு மணி நேரத்தில் பழகிவிடுவான். உலகத்தில் பல படைகள் இப்படித்தான் பேசுகின்றன. ஒன்றிலிருந்தும் மூன்றிலிருந்தும் ஒரே நேரத்தில் இரண்டு குழு நுழைந்தால், ஒருவர் சுட்டது இன்னொருவர் மேல் பாயும் என்பதும் அந்த எண்களிலேயே புரிந்துவிடும்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விரல் காட்டுகிறார்கள்; ஒரு நிமிடம்தான் இருக்கிறதாம். கடலைப் பற்றித் தொடங்கவே இல்லையே! சாகர் கவச் என்ற கடலோரப் பாதுகாப்பு ஒத்திகையைக் குளச்சல், முட்டம் பக்கத்தவர்கள் பார்த்திருப்பீர்கள். வேடமிட்ட வீரர்கள் படகில் கரையேறப் பார்ப்பார்கள். கடற்படை, கடலோரக் காவல்படை, நம் கடலோரப் பாதுகாப்புக் குழுமம் எல்லாம் சேர்ந்து தடுக்கும். அதில் மீனவர்களுக்கும் பங்கு உண்டு. அறிமுகமில்லாத படகைக் கண்டால் 1093 என்ற எண்ணுக்குச் சொல்லுங்கள். எழுதிக்கொள்ளாதவர்களுக்காக மறுபடியும்: 1093. வணக்கம்.