ஆடிக் காற்றில் ஐந்து கயாக்

நேயர்களுக்கு வணக்கம். கொடைக்கானல் நாயுடுபுரத்தில் தையல் கடை வைத்திருக்கும் ஒருத்தி கடலைப் பற்றி என்ன பேசிவிடப் போகிறாள் என்று உங்களுக்குத் தோன்றலாம். பேசக் கூப்பிட்டபோது எனக்கே அப்படித்தான் தோன்றியது. "உங்களுக்குத்தான் ஏரி இருக்கே, கடல் எதுக்கு?" என்று என்னிடம் கேட்காத ஆள் இல்லை. அதற்கு நான் ஒரு பதில் வைத்திருக்கிறேன். நம் ஏரி தானாக வந்த ஏரி இல்லை. மதுரைக் கலெக்டராக இருந்த லெவிஞ்ச் துரை 1863-ல் ஓடையை மறித்து உண்டாக்கிய ஏரி, சுமார் 60 ஏக்கர். அதில் விட்ட முதல் படகு தூத்துக்குடியிலிருந்து வந்தது என்று சொல்வார்கள். காட் ரோடே இல்லாத காலத்தில் கடற்கரைப் படகு மலையேறி வந்திருக்கிறது, நாங்கள் வேனில் உட்கார்ந்து கீழே இறங்கிப் போய்க் கடலில் கயாக் ஓட்டக் கூடாதா? கயாக் என்றால் துடுப்புப் போட்டு ஓட்டும் ஒடுங்கிய சின்னப் படகு.

நாங்கள் ஐந்து பேர். பள்ளிக்கூட வேன் ஓட்டும் அண்ணன், அவர் மனைவி, அதாவது எங்கள் மதினி, ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் அக்கா, என் தம்பி, அப்புறம் நான். ஐந்து பேருமே ஏரியில் துடுப்புப் போட்டு வளர்ந்தவர்கள், அதனால் கடலும் பெரிய ஏரிதான் என்று நினைத்தவர்கள். ஏரியில் ரோ போட் ஓட்டுகிறவர் போகிற திசைக்கு முதுகைக் காட்டி உட்காருவார். விட்டுவந்த கரை தெரியும், போய்ச் சேரும் இடம் தெரியாது. கயாக்கில் முன்னால் பார்த்து உட்காரணும். ஒரே துடுப்பு, இரண்டு நுனியும் இலை மாதிரி அகன்றிருக்கும், வலம் இடம் வலம் இடம் என்று போட்டுக்கொண்டே போகணும். முதல் நாள் நான் கையால் மட்டும் இழுத்து இழுத்து மறுநாள் கத்தரிக்கோல் பிடிக்க முடியாமல் தவித்தேன். கனத்த கம்பளித் துணியை வெட்டும்போது மணிக்கட்டை நம்பினால் கை போய்விடும், தோளிலிருந்து வெட்டணும். துடுப்பும் அப்படியேதான். இடுப்பிலிருந்து உடம்பு திரும்பணும், கை சும்மா பிடித்துக்கொண்டிருந்தால் போதும். இதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை, வலிதான் சொல்லித்தந்தது.

முதலில் போனது காரங்காடு. ராமநாதபுரம் மாவட்டத்தில் தொண்டிக்குப் பக்கம். வனத்துறையும் ஊர்க்காரர்களும் சேர்ந்து அலையாத்திக் காட்டுக்குள் படகிலும் கயாக்கிலும் கூட்டிப்போகிறார்கள். மரங்களுக்கு நடுவே வாய்க்கால் மாதிரி தண்ணீர், காற்றே உள்ளே வராது. புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்களுக்கு அருமையான இடம். ஆனால் எங்களுக்குத் தலைக்கனம் வந்ததும் அங்கேதான்.

அடுத்த தடவை நேராகத் திறந்த கடலுக்கே போனோம். மண்டபம் போகிற வழியில் பிரப்பன்வலசை, பாக் நீரிணைக் கரை. எப்போது போனோம் தெரியுமா? ஆடி மாதம். கொடைக்கானலில் பிழைக்கிறவர்களுக்கு இது புரியும். சீசனில் மூச்சு விட நேரமிருக்காது, ஆடியில்தான் கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருப்போம். அதனால் ஆடியில் கிளம்பினோம். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று படித்ததெல்லாம் பள்ளிக்கூடத்தோடு போயிற்று. அம்மியையே தூக்கும் காற்றுக்குப் பிளாஸ்டிக் கயாக் எம்மாத்திரம்?

ஆனால் கரையில் நின்று பார்த்தால் யாருமே ஏமாந்துதான் போவார்கள். தண்ணீர் தட்டு மாதிரி கிடந்தது. அலையே இல்லை. கயாக்கை வாடகைக்குக் கொடுத்தவர், பெயர் வேண்டாம், "நல்லாத்தான் இருக்கு, போயிட்டு வாங்க" என்றார். கரையெல்லாம் பனையும் சவுக்கும். காற்று எங்கள் முதுகுப் பக்கமிருந்து, தரையிலிருந்து கடலைப் பார்த்து வீசியது. அடேயப்பா, நாம் இவ்வளவு நன்றாகத் துடுப்புப் போடுகிறோமே என்று சந்தோஷமாக இருந்தது. இருபது நிமிஷத்தில் கரையில் நின்ற வேன் தீப்பெட்டி அளவுக்குச் சின்னதாகிவிட்டது. தம்பி முன்னால் எங்கோ போய்க்கொண்டிருக்கிறான், மதினி பின்னால் எங்கோ வருகிறார், ஒருவர் கூப்பிட்டால் இன்னொருவருக்குக் கேட்காது. அப்புறம்தான் பார்த்தேன், தண்ணீர் தட்டு மாதிரி இல்லை. சின்னச் சின்னதாக, நெருக்கமாக, தலையில் வெள்ளை நுரையோடு அலைகள். திரும்பலாம் என்று கயாக்கைத் திருப்பினேன். மூக்கு திரும்ப மாட்டேன் என்கிறது. திருப்பியதும் காற்று நேராக முகத்தில் அடித்தது. பத்துத் தடவை துடுப்புப் போட்டு நிமிர்ந்தால் வேன் அதே அளவில்தான் இருக்கிறது. இருபது தடவை போட்டேன். அதே அளவு. துடுப்பில் வழிந்த உப்புத் தண்ணீர் முழங்கை வரை ஓடி, கண்ணில் தெறித்து, துடைக்கக் கையை எடுத்தால் அந்த நேரத்தில் கயாக் பின்னால் போய்விடுகிறது. மதினி அழவில்லை, ஆனால் பேச்சை நிறுத்திவிட்டார். அது அதைவிடப் பயமாக இருந்தது.

வலையை எடுத்துக்கொண்டு திரும்பிய ஒரு வல்லம், அதாவது மீன்பிடிப் படகுதான், எங்களைப் பார்த்து வந்தது. அதில் இருந்த பெரியவர் திட்டவில்லை. கயிற்றை எறிந்துகொண்டே, "காத்து கச்சான் அடிக்குது, கரைய முதுகுல வச்சுக்கிட்டு எங்கத்தா போறீங்க? இப்படியே போனா அக்கரைதான்" என்றார். அக்கரை என்றால் இலங்கை. ஒவ்வொரு கயாக்காகச் சேர்த்துக் கட்டி இழுத்துவந்து கரையில் விட்டார். காசு நீட்டினோம், வாங்கவில்லை. "டீசலுக்குக் கூடவா வேண்டாம்" என்று அண்ணன் கேட்டதற்கு, "மலையில என் வண்டி நின்னா நீங்க தள்ள மாட்டீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

அன்றைக்கு நடந்தது என்ன என்பது பிறகுதான் விளங்கியது. கச்சான் மேற்கு, தென்மேற்குப் பக்கமிருந்து வரும் காற்று. கொண்டல் கிழக்கு, வாடை வடக்கு, சோழகம் தெற்கு. ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறினாலும் இதுதான் கணக்கு. ஆடியில் கச்சான் அடிக்கும்போது தெற்கே மன்னார் வளைகுடா கொந்தளிக்கும், வடக்கே பாக் நீரிணைக் கரை அமைதியாகத் தெரியும். ராமேசுவரம் பக்கம் இந்த வடகடலைப் பெண் கடல் என்றும் தென்கடலை ஆண் கடல் என்றும் சொல்கிறார்கள். ஐப்பசி, கார்த்திகையில் வாடை வந்தால் எல்லாம் தலைகீழ், அப்போது பெண் கடலுக்குத்தான் கோபம். சரி, அமைதியாக இருந்த கடல் எங்களை ஏன் இழுத்துக்கொண்டு போனது? காற்று தரையிலிருந்து கிளம்பி வருவதால் கரையோரத்தில் அலை எழும்ப இடமில்லை. தண்ணீர் மேல் ஓட ஓடத்தான் காற்று அலையை வளர்க்கும். ஆகவே கரையில் நிற்பவருக்கு அமைதி, உள்ளே போனவருக்கு ஆட்டம். எங்களைப் போன்றவர்கள் சாதாரணமாக மணிக்கு 5 கிலோமீட்டர் கூடப் போக மாட்டோம். எதிர்க்காற்றில் அதில் எவ்வளவு மிஞ்சும் என்பதை நான் கண்ணால் பார்த்தேன்.

வேன் அண்ணன் திரும்பும் வழியில் காட் ரோட்டில் ஊத்து என்ற ஊரைத் தாண்டும்போது ஒன்று சொன்னார். மலைக்காரன் வீட்டை விட்டுக் கிளம்பினால் முதலில் இறக்கம், திரும்பும்போதுதான் ஏற்றம். அதே பழக்கத்தில் கடலிலும் இறக்கத்தில் கிளம்பிவிட்டோம். காற்றை எதிர்த்துப் போவதுதான் கடலில் ஏற்றம். தெம்பு இருக்கும்போதே அந்த ஏற்றத்தை முடிக்கணும், களைத்த பிறகு காற்று வீட்டுக்குக் கொண்டுவந்து விடும். கரையிலிருந்து கடலைப் பார்த்துக் காற்று வீசினால் கிளம்பவே கூடாது. அன்றிலிருந்து எங்களுக்குள் "ஏறிட்டு இறங்கு" என்று ஒரே வார்த்தை. வேறு யாருக்கும் புரியாது.

என் தொழிலுக்கு வருகிறேன். அன்று எனக்குக் கொடுத்த லைஃப் ஜாக்கெட்டைக் கரைக்கு வந்து நிதானமாகப் பார்த்தேன், வயிற்றைக் கலக்கிவிட்டது. தோளில் மாட்டும் பட்டை வந்து சேரும் இடத்தில் சதுரமாகத் தைத்து நடுவே பெருக்கல் குறி மாதிரி குறுக்கே தைத்திருக்கணும், பாரம் தாங்கும் தையல் அதுதான். இதில் ஒரே நேர்த் தையல், அதுவும் வெயிலில் வெளுத்துப்போன நூல். நகத்தால் நிமிண்டினேன், பொடியாக உதிர்ந்தது. இப்போது எங்களிடம் சொந்த ஜாக்கெட் இருக்கிறது. போட்டுக்கொண்ட பிறகு ஒருவர் இன்னொருவரின் ஜாக்கெட்டைத் தோள் பக்கம் பிடித்து மேலே தூக்கிப் பார்ப்போம். மோவாய் வரை ஏறினால் பட்டை தளர்ந்திருக்கிறது, தண்ணீரிலும் அப்படியே ஏறும். வாடகை ஜாக்கெட் போடுகிறவர்கள் கூச்சப்படாமல் நூலை நிமிண்டிப் பாருங்கள், கிளிப்பை நாலு தடவை மாட்டிக் கழற்றுங்கள். கொடுக்கிறவர் முறைப்பார். முறைக்கட்டும்.

கவிழ்ந்தால் ஏறுவதற்கும் பழகினோம். கடலில் இல்லை, மதுரையில் ஒரு நீச்சல் குளத்தில். மேலே உட்கார்ந்து ஓட்டும் வகைக் கயாக் என்றால் உள்ளே தண்ணீர் நிற்காது, அடியில் இருக்கும் ஓட்டை வழியாக வடிந்துவிடும். நிமிர்த்தி, நடுவில் பிடித்து, காலை உதைத்து வயிற்றைக் குறுக்கே போட்டு, புரண்டு இடுப்பை உட்காரவைத்து, கடைசியாகக் காலை உள்ளே எடுக்கணும். வயிறு, இடுப்பு, கால். மதினி முதல் தடவையிலேயே ஏறிவிட்டார். அண்ணனுக்கு வயிறு வரை சரியாக வரும், அந்த வயிற்றைத் தாண்டி இடுப்பு வராது. ஏழாவது தடவை ஏறினார், குளத்தில் இருந்த பிள்ளைகள் எல்லாம் கை தட்டினார்கள்.

இப்போது நாங்கள் போவது மாசியில். வாடை அடங்கி, கச்சான் இன்னும் தொடங்காத நேரம், மேலே சீசனும் ஆரம்பித்திருக்காது. விடிந்ததும் இறங்கி ஒன்பதரைக்குள் கரையேறிவிடுவோம். மெதுவாகப் போகிறவர்தான் முன்னால், அது பெரும்பாலும் நான். விசில் சத்தம் கேட்கும் தூரத்தைத் தாண்டி யாரும் போகக் கூடாது என்பது நர்ஸ் அக்காவின் சட்டம். இன்னொரு சட்டமும் அவர்தான் போட்டார். மலையில் நமக்குத் தாகம் எடுக்காது, அந்தப் பழக்கத்தில் கீழே தண்ணீர் குடிக்க மறந்தால் தலை சுற்றிவிடும். ஆகவே அவர் குடிக்கும்போதெல்லாம் எல்லோரும் குடிக்கணும். கொறிப்பதற்குக் கேரட். மலைக் கேரட்டைக் கடல் தண்ணீரில் கழுவி, அந்த உப்போடு கடித்துப் பாருங்கள், அதற்கு ஈடு எதுவும் இல்லை.

ஆழம் இல்லாத இடத்தில் துடுப்பை நிறுத்திவிட்டுக் குனிந்தால் அடியில் கடற்புல் ஒரே பக்கமாகச் சாய்ந்து அசையும். அதைத் தின்று வாழும் கடற்பசுவை அங்கே ஆவுளியா என்கிறார்கள். தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரையோரம் 448 சதுர கிலோமீட்டரை 2022-ல் அதற்கான காப்பகமாக அரசு அறிவித்தது. நாங்கள் இன்னும் ஒன்றைக் கூடப் பார்க்கவில்லை, தம்பி மட்டும் பார்த்ததாகச் சாதிக்கிறான். இறங்கி நடக்கும்போது காலைத் தூக்கி வைக்காமல் மணலில் தேய்த்து நடங்கள். அடியில் திருக்கை படுத்திருந்தால் விலகிப் போய்விடும், மிதித்தால் வாலால் குத்தும். கடல் அட்டை, பவளப்பாறைத் துண்டு எதையும் எடுக்காதீர்கள், சட்டப்படி குற்றம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்காவுக்குள் வருபவை, வனத்துறை அனுமதி இல்லாமல் கயாக்கை அங்கே திருப்பவே கூடாது. பாம்பன் பாலத்துக்கு அடியில் போகணும் என்று தம்பிக்கு ஆசை. நீரோட்டத்தைக் கரையில் நின்று பத்து நிமிஷம் பார்க்கவைத்தோம், ஆசை போய்விட்டது. ஆபத்து என்றால் கடலோரக் காவல்படைக்கு 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமத்துக்கு 1093. செல்போனைத் தண்ணீர் புகாத பையில் போட்டுக் கழுத்தில் மாட்டுங்கள், கயாக்கில் கட்டாதீர்கள். கவிழ்ந்தால் கயாக் ஒரு பக்கம், நீங்கள் ஒரு பக்கம்.

வல்லத்துப் பெரியவரை மறுபடி போய்ப் பார்த்தோம். காசுதானே வாங்கவில்லை என்று மலைப்பூண்டு இரண்டு கிலோ கொண்டுபோனோம். 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய பூண்டு என்று தம்பி பெருமையாக விளக்கினான். அவர் வீட்டம்மா ஒரு பல்லை நசுக்கி மோந்து பார்த்துவிட்டு உள்ளே போய், ஒரு பை நிறையக் கருவாடு கொண்டுவந்து கொடுத்தார். வேனில் அந்த வாசனை போக ஒரு வாரம் ஆயிற்று. பள்ளிக்கூடப் பிள்ளைகளிடம் அண்ணன் பட்ட பாட்டைச் சொன்னால் இன்னொரு உரை வேண்டும்.

ரேடியோவில் ஒன்று வரும், கேட்டிருப்பீர்கள். "மன்னார் வளைகுடா மற்றும் குமரிக்கடல் பகுதிகளில் மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்தில் சூறாவளிக் காற்று வீசக்கூடும், மீனவர்கள் இப்பகுதிகளுக்குச் செல்ல வேண்டாம்." சின்ன வயதிலிருந்து தையல் மிஷின் சத்தத்தோடு சத்தமாக அதைக் கேட்டிருக்கிறேன், நமக்கில்லை என்று மிதித்துக்கொண்டே இருப்பேன். இப்போது அது வந்தால் மிஷினை நிறுத்திவிடுகிறேன்.

இந்த மாசிக்கு வரும் சனிக்கிழமை கிளம்புவதாக இருந்தோம். நேற்றுப் பெரியவர் போன் பண்ணினார். "வாடை இன்னும் நிக்கலத்தா, ஒரு வாரம் கழிச்சு வாங்க" என்றார். வேன் அண்ணன் லீவு போட்டாயிற்று, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார். ஒரு வாரம் கழித்துத்தான் போகிறோம். வணக்கம்.