ஓடுகிறவர்களைப் பார்க்க ஒரு ஆள் வேண்டும்

வணக்கம். தடகள அணிக்கு மாணவர் பயிற்சியாளராக வர யாருக்கு விருப்பம் என்று கேட்டதும் இத்தனை பேர் கை தூக்கியதில் எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். சிலர் அப்புறம் தனியாக வந்து, "நான் அவ்வளவு வேகமாக ஓட மாட்டேனே, வரலாமா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டீர்கள். தாராளமாக வரலாம். பயிற்சி தருகிற ஆசிரியர் ஒருவர், பிள்ளைகளோ முப்பது நாற்பது பேர். ஒரு மூலையில் நீளம் தாண்டுதல், இன்னொரு மூலையில் குண்டு எறிதல், நடுவில் தொடர் ஓட்டம் என்று நடக்கும்போது அவரால் எல்லாவற்றையும் பார்க்க முடியாது. அவர் பார்க்க முடியாததைப் பார்ப்பதுதான் உங்கள் வேலை.

முதலில் உங்கள் கையில் ஸ்டாப்வாட்ச் தருவார்கள். பட்டனை அழுத்த யாருக்குத்தான் தெரியாது என்று நானும் நினைத்தேன். 100 மீட்டர் முடிவுக்கோட்டில் நின்றுகொண்டு, துப்பாக்கிச் சத்தம் காதில் விழுந்ததும் அழுத்தினேன். ஒலி நொடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர்தான் போகும், அப்படியானால் சத்தம் என்னிடம் வந்து சேருவதற்குள் கிட்டத்தட்ட 0.3 நொடி போய்விடுகிறது. நான் எழுதிக் கொடுத்த நேரங்கள் எல்லாமே உண்மையைவிட நன்றாக இருந்தன. அதை நம்பிக்கொண்டு போட்டிக்குப் போன ஒரு தங்கை, அங்கே தன் நேரத்தைப் பார்த்துவிட்டு, தனக்கு வேகம் குறைந்துவிட்டது என்று அழுதாள். அவளுக்கு ஒன்றும் குறையவில்லை, தவறு என் கட்டைவிரலில் இருந்தது. துப்பாக்கியின் புகையையோ ஒளியையோ பார்த்து அழுத்துங்கள். பயிற்சியில் துப்பாக்கி இல்லையென்றால், தொடங்கி வைப்பவர் கையை இறக்குவதைப் பாருங்கள். நிறுத்தும்போது தலையோ நீட்டிய கையோ கணக்கில்லை, உடம்பு கோட்டுக்கு வர வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் தொடர் ஓட்டம், அதனால் கொஞ்சம் கூடுதலாகவே பேசுவேன். 2016 ரியோ ஒலிம்பிக்கில் 4x100 மீட்டரில் ஜப்பான் ஆண்கள் 37.60 நொடியில் ஓடி வெள்ளி வாங்கினார்கள், அந்த நால்வரில் ஒருவர்கூட அதுவரை 100 மீட்டரை 10 நொடிக்குள் ஓடியதில்லை. 2008 பெய்ஜிங்கிலோ, வேகத்துக்குப் பேர்போன அமெரிக்காவின் ஆண்கள் அணி, பெண்கள் அணி இரண்டுமே முதல் சுற்றில் பேட்டனை, அதாவது ஒருவர் அடுத்தவர் கையில் கொடுக்கிற குச்சியை, கீழே விட்டு வெளியேறின. கை மாற்றும் அந்த ஒரு கணத்தில்தான் இத்தனையும் நடக்கிறது. அதைப் பக்கத்தில் நின்று பார்க்க ஒரு ஆள் வேண்டும். பேட்டன் வாங்குகிறவர் தன் காலடியால் அளந்து, பின்னால் டிராக்கில் ஒரு டேப் ஒட்டிவைப்பார்; கொண்டுவருகிறவர் அந்த டேப்பைத் தொட்டதும் இவர் கிளம்ப வேண்டும். ஆனால் பதற்றத்தில் முன்னதாகவே கிளம்பிவிடுவார், அல்லது திரும்பித் திரும்பிப் பார்த்துத் தாமதமாவார், இரண்டில் எது நடந்தது என்பது ஓடுகிற இருவருக்குமே தெரியாது. நீங்கள் டேப்புக்கு நேராக நின்றால் தெரியும். இன்னொன்றையும் கவனியுங்கள்: கை மாற்றுவதற்கென்று டிராக்கில் குறித்திருக்கும் 30 மீட்டர் பகுதிக்குள் இருக்க வேண்டியது பேட்டன்தான், கால் எங்கே இருக்கிறது என்பது கணக்கில்லை. பிள்ளைகள் களைத்திருக்கும் நாளில், எதிர்க்காற்று அடிக்கும் நாளில் பழைய டேப் சரிவராது, கொஞ்சம் நகர்த்திப் பார்க்கச் சொல்லுங்கள்.

எறிதல் பக்கம் போனால் ஒன்றே ஒன்று. குண்டோ ஈட்டியோ, கையில் எடுத்துக்கொண்டு நடந்துதான் திரும்ப வேண்டும், யாரும் அங்கிருந்தே திருப்பி எறியக் கூடாது. இதில் நண்பன், சின்னப் பையன் என்றெல்லாம் பார்க்காமல் கண்டிப்பாக இருங்கள்.

ஒரு தம்பி முட்டிக்குக் கீழே வலிக்கிறது என்று என்னிடம் சொன்னான். "ஓடினால் சரியாகிடும்" என்றேன். இன்றைக்கும் அதை நினைத்தால் மனம் சுருங்குகிறது. உயரம் மளமளவென்று கூடுகிற வயதில் அந்த இடத்தில் எலும்போடு தசைநார் சேரும் பகுதி ஓட்டத்தாலும் தாவுவதாலும் இழுபட்டு வலிக்கும், அதற்கு ஓய்வு வேண்டியிருக்கும். பெரியவரிடம் சொல்லக் கூச்சப்படுகிற பிள்ளை உங்களிடம்தான் முதலில் சொல்லும், ஏனென்றால் நீங்கள் இரண்டு மூன்று வயதுதான் மூத்தவர். வைத்தியம் சொல்லாதீர்கள், தாங்கிக்கொள் என்றும் சொல்லாதீர்கள். அன்றைக்கே ஆசிரியரிடம் போய்ச் சொல்லுங்கள்.

முதல் நாள் வரும்போது ஒரு சின்ன நோட்டும் பென்சிலும் கொண்டுவாருங்கள், மழைத் தூறலில் பேனா மை கரைந்துவிடும். அன்றைக்கு யாரையும் திருத்த வேண்டாம். எல்லார் பெயரையும் எழுதுங்கள், வரிசையில் கடைசியாக நிற்கிற பிள்ளையிடமிருந்து தொடங்கி.