சீட்டு எழுதினால் போதாது, போன் போடுங்கள்

(குடிநோய் மீட்பு குறித்துக் குடும்பத்தாருக்காக நடந்த கூட்டத்தில், போதை மறுவாழ்வு வார்டின் சமூகப் பணியாளர் ஆற்றிய உரை)

தாய்மார்களே, பெரியவர்களே, வணக்கம்.

குடியின் தீமையைப் பற்றிப் பேச நான் வரவில்லை. அது இந்த மேடையில் இருப்பவர்களைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். ஆஸ்பத்திரியில் சேர்த்து, தேற்றி, வீட்டுக்குக் கூட்டி வருகிறீர்களே, அதற்கு மறுநாள் என்ன செய்வது? அதை மட்டும் சொல்கிறேன்.

டிஸ்சார்ஜ் அன்று ஒரு சீட்டில் 'ஏஏ மீட்டிங் போகவும்' என்று எழுதிக் கொடுப்போம். ஏஏ என்றால் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியை விட நினைப்பவர்கள் கூடி ஒருவருக்கொருவர் கைகொடுக்கும் குழு. சீட்டு சட்டைப்பைக்குப் போகும், சட்டை துவைக்கப் போகும், அத்தோடு சரி. 1981-இல் சிஸன், மாலம்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அமெரிக்காவில் இதைச் சோதித்தே பார்த்தார்கள். மொத்தம் 20 பேர். பாதிப்பேருக்குக் கூட்டம் எங்கே, எப்போது என்ற விவரத்தைச் சொல்லி அனுப்பினார்கள். மறுபாதிக்கு, ஆலோசனை அறையிலேயே குழு உறுப்பினர் ஒருவரைப் போனில் பிடித்துப் பேச வைத்தார்கள். கூட்டத்துக்குத் துணையாக வர அந்த உறுப்பினரும் தயார். போனில் பேசியவர்கள் அத்தனை பேரும் கூட்டத்துக்குப் போனார்கள். விவரம் மட்டும் வாங்கியவர்களில் ஒருவர்கூடப் போகவில்லை. சின்ன ஆய்வுதான், 20 பேரை வைத்து உலகத்தை அளக்க முடியாது. ஆனால் எங்கள் வார்டு வாசலில் நான் பார்ப்பதும் இதுதான்.

யோசித்தால், ஏஏவே ஒரு போன் அழைப்பில்தான் பிறந்தது. 1935 மே மாதம், ஒஹையோ மாநிலத்தின் ஏக்ரன் நகரம். குடியை விட்டுச் சில மாதமே ஆன பில் வில்சன், வந்த வியாபாரம் முறிந்து ஓட்டல் முகப்பில் நிற்கிறார். ஒரு பக்கம் பாரின் சிரிப்புச் சத்தம், மறுபக்கம் தொலைபேசியும் தேவாலயங்களின் பட்டியலும். பட்டியலைப் பார்த்து அழைத்தார். தான் மறுபடி குடிக்காமல் இருக்க, பேச இன்னொரு குடிகாரர் வேண்டும் என்று கேட்டார்! கைமாறிக் கைமாறி பாப் ஸ்மித் என்ற அறுவை மருத்துவரிடம் போய்ச் சேர்ந்தது அந்த அழைப்பு. கால் மணி நேரம்தான் என்று நிபந்தனையோடு வந்த டாக்டர், இரவு பதினொன்றுக்கு மேலும் பேசிக்கொண்டிருந்தார். அவர் கடைசியாகக் குடித்த ஜூன் 10-ஐத்தான் ஏஏவின் பிறந்தநாளாகக் கொண்டாடுகிறார்கள்.

குழுவை எப்படிக் கண்டுபிடிப்பது? வார்டு கவுன்சலரைக் கேளுங்கள். மத்திய அரசின் போதை மீட்பு உதவி எண் 14446, காசில்லாமல் பேசலாம். ஏஏவின் இணையதளத்திலும் ஊர்வாரியாகப் பார்க்கலாம். பார்த்ததோடு கிளம்பிவிடாதீர்கள். கூட்டம் பெரும்பாலும் பள்ளிக்கூட அறையிலோ தேவாலய வளாகத்திலோ இரவல் இடத்தில் நடக்கிறது, நேரம் மாறும். பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பியவரை மறுபடி கிளப்புவது லேசில்லை. முதலில் போன், பிறகு பஸ். உள்ளூரில் தெரிந்தவர் பார்ப்பாரோ என்று கூச்சமா? பக்கத்து ஊர்க் குழுவுக்குப் போகட்டும், யாரும் கேட்க மாட்டார்கள். தேவாலயத்தில் நடப்பதால் மதம் மாற்றுவார்கள் என்று ஒரு பயம் உண்டு. இடம்தான் அவர்களுடையது, கூட்டம் எந்த மதத்தையும் சேர்ந்ததல்ல.

உள்ளே பத்துப் பதினைந்து பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு மேஜை, டீ. ஒருவர் எழுந்து பேர் சொல்லி, 'நான் ஒரு குடிநோயாளி' என்பார். குடித்த காலத்தைச் சொல்வார், விட்ட கதையைச் சொல்வார். நடுவில் யாரும் குறுக்கே பேசக் கூடாது, புத்திமதி கிடையாது. வருகைப் பதிவேடு இல்லை, கட்டணம் இல்லை. கடைசியில் ஒரு பை சுற்றி வரும், முடிந்தவர் போடலாம். புதிதாக வந்தவர் போட வேண்டியதில்லை, வாய் திறந்து பேசவும் வேண்டியதில்லை. குடிநோயாளிகள் மட்டும் வரும் கூட்டம் உண்டு, குடும்பத்தாரும் உட்காரும் திறந்த கூட்டமும் உண்டு. முதல் தடவை துணைக்குப் போகிறவர்கள் எது என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு குழு பிடிக்கவில்லையென்றால் வேறு குழு பார்க்கட்டும், குழுவுக்குக் குழு ஆட்கள் வேறு, ராசி வேறு.

மாலைக் கூட்டத்தையே நான் சிபாரிசு செய்வேன். டாஸ்மாக் பகல் 12 மணிக்குத் திறந்து இரவு 10 மணிக்கு மூடுகிறது. வேலை முடிந்து கை நடுங்கும் அந்த ஏழு மணிக்கு உட்கார வேறு இடம் வேண்டும், கூடப் பேச ஆள் வேண்டும். பேச்சில் என்ன இருக்கிறது என்பீர்கள். மருத்துவ ஆய்வுகளைத் திரட்டிச் சீர்தூக்கும் காக்ரேன் அமைப்பின் மறுஆய்வு ஒன்று 2020-இல் வந்தது. அது 27 ஆய்வுகளை, பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரை அலசியது. ஏஏவோடு முறைப்படி இணைத்துவிடும் சிகிச்சை, தொடர்ந்து குடிக்காமல் இருக்க வைப்பதில் மற்ற பல சிகிச்சைகளைவிட மேல் என்று அதில் தெரிந்தது.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். தினமும் நிறையக் குடிப்பவரை, 'இன்றோடு நிறுத்து, மீட்டிங்குக்கு வா' என்று இழுக்காதீர்கள். திடீரென்று நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் வலிப்பு வரலாம், புத்தி பேதலிக்கலாம், உயிரே போகலாம். முதலில் டாக்டர். சோற்றில் தெரியாமல் கலந்து கொடுக்கச் சொல்லிச் சுவரில் விளம்பரம் எழுதுகிறார்களே, அந்த மருந்துப் பக்கமே போகாதீர்கள்.

'அவர் வரவே மாட்டேன் என்கிறாரே' என்று முன்வரிசையில் ஒரு அம்மா கேட்டார்கள். அவர் வராவிட்டால் நீங்கள் போங்கள் அம்மா. குடும்பத்தாருக்கென்றே 1951-லிருந்து அல்-அனான் இருக்கிறது. அவர் குடியை விட்டிருக்க வேண்டும் என்ற நிபந்தனை அங்கே இல்லை. எண் தருகிறேன், இங்கிருந்தே பேசுங்கள், நான் பக்கத்தில் இருக்கிறேன்.