ஒருத்தி மகளாய்ப் பிறந்து

(பாளையங்கோட்டையில் வாசகர் கூடுகை ஒன்றில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

பெற்றவள் பெரியவளா, வளர்த்தவள் பெரியவளா என்று தலைப்புக் கொடுத்து நம் பக்கத்துக் கோயில் கொடைகளிலும் பள்ளி ஆண்டு விழாக்களிலும் எத்தனையோ பட்டிமன்றங்கள் நடந்திருக்கின்றன. நானும் இரண்டு அணியிலும் பேசியிருக்கிறேன். இன்று அந்தத் தலைப்பையே கைவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்ளத்தான் வந்திருக்கிறேன். தத்தெடுத்தலைப் பற்றி எழுதும் புனைகதை அந்தக் கேள்விக்குத் தீர்ப்புச் சொல்லப் புறப்படும்போதெல்லாம் மெலிந்துபோகிறது. இரு தாயரையும் ஒரே கதைக்குள் அருகருகே உட்கார வைக்கும்போது வலுப்பெறுகிறது. இது என் வாசிப்பில் கண்டது. அதற்கு முன்பே என் வீட்டில் கண்டது.

என் அப்பாவின் பெயர் பிச்சையா. அவருக்கு முன்னால் பிறந்த இரண்டு குழந்தைகளும் தங்கவில்லை. மூன்றாவதாகப் பிறந்தவரைச் சுளகில் கிடத்தி, பக்கத்து வளவில் இருந்த ஓர் அம்மாளிடம் கொடுத்துவிட்டு, பிறகு ஒரு படி தவிடு அளந்து அவளிடமிருந்து விலைக்கு வாங்கிக்கொண்டார்கள். சொந்தப் பிள்ளையாக இருந்தால்தானே எமன் கண் வைப்பான், தவிட்டுக்கு வாங்கிய பிள்ளையை யார் கேட்கப் போகிறார்கள் என்பது அந்தக் காலத்துத் தாய்மாரின் கணக்கு. இந்தச் சீமையில் பிச்சை என்றும் குப்பை என்றும் பெயர் கொண்ட பெரியவர்கள் பலருக்குப் பின்னால் இப்படி ஒரு பயம் இருக்கிறது. அழுகிற பிள்ளையைச் சீண்டுவதற்கு “ஒன்னயத் தவிட்டுக்குல்லா வாங்குனோம்” என்று சொல்லும் வழக்கமும் அதிலிருந்து வந்ததுதான்.

சடங்கு ஒரு நாளோடு முடிந்திருக்கலாம். அப்பா முடிக்கவில்லை. அந்த அம்மாளையும் அம்மா என்றே கூப்பிட்டார். தீபாவளிக்கு எடுக்கும் இரண்டு சேலைகளில் முதலாவதை அவள் கையில் கொடுத்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருவார். அவள் இறந்தபோது நான் ஆறாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தேன். பேரன் பேத்திகளுக்கு நெய்ப்பந்தம் கொளுத்திக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் திண்ணையோரம் ஒதுங்கி நின்றேன். அவளுடைய மூத்த மகன் கூட்டத்தைப் பார்த்து, “பிச்சையா மவள எங்கல? அவளும் பேத்திதாம்ல, கூப்புடு” என்றார். குச்சியில் சுற்றிய துணியிலிருந்து உருகிய நெய் என் மணிக்கட்டில் சொட்டியது. சுட்டது; கையை உதறாமல் நின்றேன். எந்தப் பத்திரத்திலும் பதியாத ஓர் உறவு அன்று என் கையில் எரிந்துகொண்டிருந்தது.

நம் இலக்கியம் இரு தாயரை அறியாததன்று. சங்க அகப்பாடல்களில் பெற்றவளாகிய நற்றாயும் உண்டு, வளர்த்தவளாகிய செவிலித்தாயும் உண்டு. மகள் காதலனோடு ஊரைவிட்டு உடன்போக்குச் சென்ற பின் சுரமாகிய பாலை வழி வரை தேடிப் போகிறவள் செவிலி. சங்கரன்கோவில், ராஜபாளையம் வழியாக நாம் போய்வருகிற ஸ்ரீவில்லிபுத்தூரில், துளசிச் செடியடியில் கண்டெடுத்த பெண்ணை வளர்த்த பெரியாழ்வார், “ஒருமகள் தன்னை உடையேன், உலகம் நிறைந்த புகழால் திருமகள் போல வளர்த்தேன்” என்று ஒரு தாயின் குரலில் பாடினார். உடையேன் என்கிறார், வளர்த்தேன் என்கிறார். பெற்றேன் என்ற சொல் அங்கே இல்லை. மரபு இப்பாசுரத்தை ஆண்டாளோடு சேர்த்தே படிக்கிறது. அந்த வளர்ப்பு மகளோ திருப்பாவையில் கண்ணனை, “ஒருத்தி மகனாய்ப் பிறந்து, ஓரிரவில் ஒருத்தி மகனாய் ஒளித்து வளர” என்று பாடுகிறாள். தேவகியின் பெயரும் இல்லை, யசோதையின் பெயரும் இல்லை. இருவருக்கும் ஒரே சொல்தான், ஒருத்தி. மார்கழிதோறும் இதைப் பாடுகிற நாம் அந்தச் சமன்பாட்டைக் கவனிப்பதில்லை.

ஆனால் என்னை அதிகம் உலுக்குவது குலசேகராழ்வாரின் பெருமாள் திருமொழியில் வரும் தேவகியின் புலம்பல். பிள்ளையைப் பெற்றும் அவன் பிள்ளைப் பருவத்தைப் பார்க்கக் கிடைக்காதவளின் குரல் அது. ‘உன் தந்தை யார்?’ என்று ஆய்ச்சியர் கேட்டபோது குழந்தை தன் விரலாலும் கடைக்கண்ணாலும் நந்தனைக் காட்டியிருப்பானே, அந்தப் பேறு வசுதேவனுக்கு இல்லாமற்போயிற்றே என்று அவள் கற்பனை செய்து அழுகிறாள். பிறகு, “எல்லாம் தெய்வ நங்கை யசோதை பெற்றாளே” என்கிறாள். பெற்றவள் வளர்த்தவளைப் பார்த்து ‘பெற்றாள்’ என்கிறாள். அந்த வினைச்சொல்லின் இரண்டு பொருளையும் ஒரே மூச்சில் இழந்து நிற்கும் ஒரு தாயை இதைவிட நெருக்கமாக யார் எழுதிவிட முடியும்?

அப்படிப்பட்ட மரபிலிருந்து வந்த நாம், தொடர்கதைகளிலும் திரைக்கதைகளிலும் தத்துப் பிள்ளையை என்ன செய்தோம்? ஒரு இரகசியமாக ஆக்கினோம். மரணப் படுக்கையில் ஒரு வாக்குமூலம், பெட்டிக்கு அடியில் ஒரு கடிதம், ஆஸ்பத்திரியில் பொருந்தாத ஒரு இரத்த வகை. உண்மை வெடிக்கிறது, கதை முடிகிறது. அல்லது தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்ற பழமொழியைப் பிடித்துக்கொண்டு, திருவிழாக் கூட்டத்தில் முன்பின் பார்த்திராத தாயும் பிள்ளையும் உள்ளுணர்வால் சேர்ந்துவிடுகிறார்கள். ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் என்று தாராளமாகத் தொடங்குகிற பழமொழிகூடத் தன் பிள்ளையில்தான் போய் முடிகிறது. என் எண்ணத்தில், உண்மை தெரியவரும் காட்சி அப்படிப்பட்ட கதையின் முடிவாக இருக்கக் கூடாது. முதல் அத்தியாயத்திலேயே வந்துவிட வேண்டும். தெரிந்த பிறகு மறுநாள் காலை அந்த வீட்டில் யார் யாருக்குக் காப்பி ஆற்றிக் கொடுத்தார்கள் என்பதிலிருந்துதான் நாவல் தொடங்குகிறது.

வெளிநாட்டு நாவல்கள் இரண்டை இங்கே சொல்ல வேண்டும். செலஸ்ட் இங் எழுதி 2017-ல் வந்த ‘லிட்டில் ஃபயர்ஸ் எவ்ரிவேர்’ அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் நடக்கிறது. வறுமையிலும் பிரசவத்துக்குப் பிந்திய மனச்சோர்விலும் தவித்த ஒரு சீனத் தாய், பனிக்காலத்தில் தன் குழந்தையைத் தீயணைப்பு நிலைய வாசலில் விட்டுவிடுகிறாள். குழந்தையில்லாத வசதியான தம்பதி வளர்க்கிறார்கள். பெற்றவள் மீண்டு வந்து கேட்கும்போது வழக்காகிறது. எம். எல். ஸ்டெட்மனின் 2012-ஆம் ஆண்டு நாவலான ‘தி லைட் பிட்வீன் ஓஷன்ஸ்’ மேற்கு ஆஸ்திரேலியாவின் கலங்கரை விளக்கத் தீவொன்றில், படகில் ஒதுங்கிய குழந்தையைத் தம் பிள்ளையாக வைத்துக்கொண்ட கணவன் மனைவியின் கதை. இரண்டு நாவல்களிலும் குழந்தைக்கு இரண்டு பெயர். அங்கே மே லிங், மிராபெல். இங்கே கிரேஸ், லூசி. எந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறோமோ அந்தத் தாயின் பக்கம் சாய்ந்துவிடுகிறோம். வாசகரையே சாட்சிக் கூண்டில் ஏற்றும் உத்தி இது. இரண்டில் நான் ஸ்டெட்மனைச் சற்றுக் கூடுதலாக மதிக்கிறேன். முதல் நாவலில் குழந்தை கைக்குழந்தை, பேசாது. இரண்டாவதில் அவள் பேசும் வயதுக் குழந்தை. பெற்றவளை ஏற்க மறுக்கிறாள், கலங்கரை விளக்கத்துக்குத் திரும்பிப்போக வழி தேடித் தொலைந்துபோகிறாள். பின்னால் அவளை லூசி-கிரேஸ் என்று இரண்டு பெயரையும் சேர்த்து அழைக்கும்போதுதான் அந்த வீட்டில் மூச்சு விட முடிகிறது.

நம் சட்டத்தின் கதையும் எழுத்தாளர்கள் அறிய வேண்டியது. பழைய இந்துச் சட்டத்தில், தேவதாசி மரபு போன்ற விலக்குகள் தவிர, சுவீகாரம் என்பது மகனுக்கு மட்டுமே உரியது; பிண்டத்துக்கும் சொத்துக்கும் வாரிசு வேண்டும் என்பதே அதன் நோக்கம். 1956-ஆம் ஆண்டுச் சட்டம்தான் மகளையும் தத்தெடுக்கலாம் என்றது. அப்போதும் கணவனோடு வாழும் பெண் தானாகத் தத்தெடுக்க முடியாது. கணவன் எடுப்பதற்குச் சம்மதம் சொல்லலாம், அவ்வளவுதான். கணவனின் சம்மதத்தோடு அவளே தத்தெடுக்கலாம் என்ற திருத்தம் 2010-ல் வந்தது. தாய்மையைத் தெய்வம் என்று மேடைதோறும் பேசிய நாட்டில், தத்துத் தாய்க்கு ஐம்பத்து நான்கு ஆண்டுகள் சாட்சியின் இடம்தான் கிடைத்தது.

அதே 2010-ல்தான் பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ வெளிவந்தது. குழந்தையில்லாத காளியையும் பொன்னாவையும் ஊர் எப்படி அரித்தெடுக்கிறது என்பதை அதில் படித்தபோது எனக்கு நம் தெருக்கள்தாம் நினைவுக்கு வந்தன. ஆடிப்பூரத் திருவிழாவில் காந்திமதி அம்மைக்கு வளைகாப்பு நடக்கும் நாளில் நெல்லையப்பர் கோயிலுக்குப் போய் நின்று பாருங்கள். வளையல் வாங்கக் கை நீட்டும் பெண்களில் சிலருடைய முகத்தை என்னால் மறக்க முடிவதில்லை. “விசேஷம் உண்டா?” என்ற நம் ஊர் விசாரிப்பை மாதாமாதம் கேட்டுக் கேட்டுத் தேய்ந்த முகம் அது. தத்தெடுக்க அவள் மனம் துணிந்தாலும், “என்ன இருந்தாலும் எடுத்த பிள்ளதான” என்று சொல்ல ஒரு மதினி காத்திருக்கிறாள். அவள் படும்பாட்டை எழுத ஓரளவு நமக்குத் தெரியும்.

கொடுத்தவளைத்தான் நாம் எழுதவில்லை. பெண் சிசுக்கொலையைத் தடுக்க 1992-ல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டத்தில் எத்தனையோ கைகள் தொட்டிலில் பிள்ளையைக் கிடத்திவிட்டுத் திரும்பியிருக்கின்றன. அந்தக் கைகளுக்கு நம் கதைகளில் முகமில்லை. இருந்தால் கல்நெஞ்சக்காரியின் முகம். 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டப்படி, குழந்தை நலக் குழுவின் முன் கையெழுத்திட்டுப் பிள்ளையை ஒப்படைக்கும் தாய்க்கு, முடிவை மறுபரிசீலனை செய்ய இரண்டு மாத அவகாசம் உண்டு. அதற்குப் பிறகுதான் பிள்ளையைத் தத்துக் கொடுக்க முடியும்.

அந்த இரண்டு மாதத்தை நினைத்துப் பாருங்கள். முதல் வாரத்தில் பால் கட்டி வலிக்கும். மல்லிகைப் பூவை அரைத்துப் பற்றுப் போட்டுக்கொண்டு, யாருக்கும் தெரியாமல் அவள் பீடித் தட்டை மடியில் வைத்து இலை வெட்டிக்கொண்டிருக்கலாம். முக்கூடல் பேருந்து வரும். ஏறுவாள், பாதி வழியில் இறங்கிவிடுவாள். நாள்காட்டியில் ஒவ்வொரு தாளாகக் கிழியும். அறுபதாம் நாள் அவள் எங்கே இருந்தாள், என்ன சமைத்தாள், யாரோடு பேசினாள்? அந்தக் கதையை நான் இன்னும் தமிழில் வாசிக்கவில்லை. இங்கே எழுதுகிற பிள்ளைகள் பலர் உட்கார்ந்திருக்கிறீர்கள். எழுதிக்கொண்டு வாருங்கள், அடுத்த கூடுகையில் முதலில் அதை வாசிப்போம்.