மா-ராபர்ட்டின் வீடு

நேயர்களுக்கு அன்பான வணக்கம்.

நான் ஒரு கணக்கு ஆசிரியை. ஆப்பிரிக்காவின் தென்பகுதியில் இருக்கும் போட்ஸ்வானாவில் சில ஆண்டுகள் ஒரு பள்ளியில் வேலை பார்த்தேன். போய் இறங்கிய முதல் வாரம், பக்கத்து வீட்டு அம்மா என் பெயரைக் கேட்கவில்லை. என் மகளின் பெயரைத்தான் கேட்டார். சொன்னேன். அந்தப் பெயருக்கு முன்னால் "ம்மா" என்று சேர்த்தார். அன்று முதல் அந்தத் தெருவில் நான் இன்னாருடைய அம்மா, அவ்வளவுதான். நம் ஊரிலும் தலைப்பிள்ளையின் பெயரைச் சொல்லித்தானே தாயைக் கூப்பிடுகிறோம். ஊரை விட்டு அவ்வளவு தூரம் வந்தவளுக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது.

அதே மண்ணில், 1840-களில், ஒரு வெள்ளைக்காரப் பெண்ணை இப்படித்தான் கூப்பிட்டார்கள். "மா-ராபர்ட்", ராபர்ட்டின் அம்மா. அவருடைய பெயர் மேரி. கணவர் பெயர் டேவிட் லிவிங்ஸ்டன். பள்ளிப் புத்தகத்தில் நாம் எல்லோரும் படித்த அதே லிவிங்ஸ்டன்தான். விக்டோரியா நீர்வீழ்ச்சி, சாம்பசி ஆறு, இருண்ட கண்டம் என்று அவரைப் பற்றி எத்தனையோ படித்திருப்போம். அவருக்கு ஒரு வீடு இருந்தது, அந்த வீட்டில் ஒரு அடுப்பு எரிந்தது, பிள்ளைகள் ஓடி விளையாடினார்கள் என்பதை யாரும் எனக்குச் சொல்லிக்கொடுத்ததில்லை. இன்று நான் பேசப் போவது அந்த வீட்டைப் பற்றித்தான்.

தலைநகர் காபரோனிலிருந்து மேற்கே காரில் அரை மணி நேரம் போனால் கொலொபெங் வரும். இப்போது அங்கே சுவர் இல்லை, கூரை இல்லை. தரையோடு தரையாக அஸ்திவாரக் கற்கள், சுற்றிலும் முள்மரங்கள், கீழே ஆற்றின் மணல், கொஞ்சம் தள்ளிக் கல்லறைகள். நான் முதன்முதலில் போனபோது அந்தக் கற்களை ஒட்டி நடந்து, இது சமையலறையாக இருக்குமா, இது பிள்ளைகள் படுத்த இடமா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

மேரி அந்த மண்ணுக்குப் புதியவர் இல்லை. 1821-இல் ஆப்பிரிக்காவிலேயே பிறந்தவர். அப்பா ராபர்ட் மொஃபட், ஸ்காட்லாந்துக்காரர். தோட்ட வேலை கற்றவர். அப்புறம் மிஷனரியாக வந்து, இன்றைய தென்னாப்பிரிக்காவில் உள்ள குருமன் என்ற ஊரில் வாழ்நாளில் பெரும்பகுதியைக் கழித்தார். பைபிளைச் செட்ஸ்வானா மொழியில் பெயர்த்து, அங்கேயே அச்சகம் வைத்து அச்சடித்தவர். அம்மா பெயரும் மேரிதான். அந்த அம்மா வந்த புதிதில் ஊருக்கு எழுதிய கடிதம் ஒன்றில் ஒரு செய்தி இருக்கிறது. அதைப் படித்ததும் எனக்கு அவர் சொந்தக்காரர் மாதிரி ஆகிவிட்டார். வாரம் ஒரு தடவையாவது வீட்டுத் தரை முழுவதும் மாட்டுச் சாணம் போட்டு மெழுகுகிறோம் என்று எழுதுகிறார். முதலில் பார்த்தபோது அசிங்கமாகத் தோன்றியதாம். கொஞ்ச நாளில், மெழுகும் சனிக்கிழமை எப்போது வரும் என்று காத்திருக்கத் தொடங்கிவிட்டாராம். புழுதி அடங்குகிறது, தெள்ளுப்பூச்சி சாகிறது, தரை நல்ல பச்சையாக ஆகிறது என்று காரணமும் சொல்கிறார். என் ஆச்சி வீட்டில் வெள்ளிக்கிழமை மெழுகுவார்கள். கை வளைந்து வளைந்து போகும் அந்தத் தடம் காய்ந்த பிறகும் தெரியும். இங்கிலாந்தில் வளர்ந்த ஒரு பெண்ணின் கையும் குருமனில் அப்படி வளைந்திருக்கும் என்று நினைத்துக்கொள்கிறேன்.

அப்படி மெழுகிய தரையில் தவழ்ந்து வளர்ந்தவர்தான் நம் மேரி. லிவிங்ஸ்டனை ஒரு சிங்கம் கடித்துத் தோள் எலும்பை உடைத்தது 1844-இல். காயம் ஆறக் குருமனுக்கு வந்த இடத்தில், தோட்டத்துப் பாதாம் மரத்தடியில் மேரியைக் கேட்டார். 1845 ஜனவரியில் கல்யாணம். இரண்டு இடங்களில் குடியிருந்து பார்த்து, தண்ணீர் போதாமல், 1847-இல் கொலொபெங்குக்கு வந்தார்கள். பக்வேனா மக்களின் தலைவர் செச்செலேயும் தன் ஊரையே பெயர்த்துக்கொண்டு கூட வந்தார்.

வீட்டை லிவிங்ஸ்டன் கட்டினார். அந்த மக்களின் வீடு வட்டமானது. சதுரம் பிடிப்பது அவர்கள் கைக்குப் பழக்கமில்லை. அதனால் ஒவ்வொரு செங்கல்லையும் கம்பையும் தன் கையாலேயே நேராக வைக்க வேண்டியிருந்தது என்கிறார். அந்தக் கை சிங்கம் கடிக்காத வலது கை.

அன்றாடம் எப்படிப் போயிற்று? பொழுது விடியும்போதே எழுந்துவிடுவார்கள். பகல் எவ்வளவு கொளுத்தினாலும் அந்த ஊரில் விடியற்காலை குளுமையாக இருக்கும். அதை நானும் அனுபவித்திருக்கிறேன். குடும்ப ஜெபம், ஆறு ஏழு மணிக்குள் காலைச் சாப்பாடு. உடனே பள்ளிக்கூடம். ஆண், பெண், குழந்தை யார் வந்தாலும் பாடம் உண்டு. பதினொரு மணிக்குப் பள்ளி முடியும். அப்புறம் அவர் கொல்லர், தச்சர், தோட்டக்காரர், வைத்தியர். மேரிக்கு வீட்டு வேலை. மத்தியானம் சாப்பிட்டு ஒரு மணி நேரம் ஓய்வு. அதன் பிறகு மேரி நடத்தும் சின்னப் பிள்ளைகள் பள்ளி. அதற்கு நூறு பிள்ளைகள் வருவார்கள். நேயர்களே, நான் நாற்பது பிள்ளைகளைப் பிற்பகல் வெயிலில் உட்கார வைத்துக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவள். நூறு என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். அதுவும் ஆறு ஆண்டுக்குள் ஐந்து பிள்ளை பெற்ற பெண். பெரும்பாலும் வயிற்றில் ஒன்று, இடுப்பில் ஒன்று. சில நாள் இந்த வகுப்புக்குப் பதிலாகப் பெண் பிள்ளைகளுக்குத் தையல் வகுப்பு.

வீட்டு வேலை என்று ஒரே சொல்லில் சொல்லிவிட்டேன். அது அத்தனை சின்னதல்ல. கடை கிடையாது. மெழுகுவர்த்தியை வீட்டில் அச்சில் ஊற்ற வேண்டும். வெண்ணெய்க்கு ஜாடியே மத்து. சோப்பு வேண்டுமென்றால் ஒரு வகைச் செடியின் சாம்பலோ விறகுச் சாம்பலோ எடுத்துக் கொழுப்போடு சேர்த்துக் காய்ச்ச வேண்டும். ஒரு தடவை காய்ச்சி முடிக்க ஒரு மாதம், ஒன்றரை மாதம் ஆகுமாம். ரொட்டி சுடுவதுதான் எனக்குப் பிடித்தது. கரையான் புற்று ஒன்றைத் தேடிப் பிடிப்பார்கள். அதன் பக்கத்தைக் குடைந்து பெரிய பொந்தாக்கி, உள்ளே நெருப்புப் போட்டு நன்றாகச் சூடேற்றி, தணலை வழித்து எடுத்துவிட்டு, மாவை உள்ளே வைத்து, வாயைக் கல் பலகையால் மூடிவிட்டால் அடுப்பு தயார். போட்ஸ்வானாவில் ஆள் உயரப் புற்றுகள் சாலை நெடுகிலும் நிற்கும். மண் கல் மாதிரி இறுகியிருக்கும். சூட்டை அது எப்படிப் பிடித்து வைக்கும் என்பது தொட்டுப் பார்த்தால் புரியும்.

வந்த முதல் வருடம் ஆற்றிலிருந்து வாய்க்கால் வெட்டித் தோட்டம் போட்டார்கள். அதன் பிறகு மழை பொய்த்தது. ஆறு வற்றியது. மழையை அந்த நாட்டில் "பூலா" என்பார்கள். இன்றைக்கும் அவர்கள் பணத்தின் பெயர் பூலாதான். அவர்களுக்கு மழை எவ்வளவு பெரியது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். பஞ்ச காலத்தில் பெண்கள் தங்கள் நகைகளைக் கொடுத்து வேறு ஊர்க்காரர்களிடம் தானியம் வாங்கினார்கள். லிவிங்ஸ்டன் வீட்டுக்குத் தானியம் குருமனிலிருந்து வர வேண்டும். பிள்ளைகள் இறைச்சிக்கு ஏங்கினார்கள். அதைப் பார்த்து அந்த ஊர் மக்கள் பெரிய கம்பளிப்புழுக்களைக் கொண்டு வந்து கொடுத்தார்கள். பிள்ளைகள் ஆசையாகத் தின்றார்கள். மட்லமெட்லோ என்ற பெரிய தவளையும் அப்படித்தான். சமைத்தால் கோழிக்கறி மாதிரி இருக்குமாம். வெட்டுக்கிளியைத் தேனோடு சாப்பிட்டார்கள். தாங்களே பட்டினி கிடக்கும்போது அடுத்த வீட்டுப் பிள்ளையின் வாய்க்கு ஒரு கை எடுத்து வைத்த அந்த மனிதர்களின் பெயர்கள் எங்கும் எழுதப்படவில்லை. அது எனக்கு வருத்தம்தான். என் மாணவி ஒருத்தி ஒரு நாள் உப்புப் போட்டுக் காய வைத்த புழுவைக் காகிதத்தில் மடித்து எனக்குக் கொண்டு வந்தாள். அங்கே அதைப் பானே என்பார்கள். முதலில் தயங்கினேன். அப்புறம் நொறுக்கென்று கடித்தேன். கருவாட்டு ருசி.

சரி, விடுமுறைக்கு வருவோம். இப்போது போட்ஸ்வானாவில் டிசம்பர் வந்தால் காபரோன் காலியாகிவிடும். எல்லோரும் சொந்தக் கிராமத்துக்கு, வயலுக்கு, மாட்டுப் பட்டிக்குப் போய்விடுவார்கள். லிவிங்ஸ்டன் பிள்ளைகளுக்கும் போக ஓர் ஊர் இருந்தது. குருமன், தாத்தா பாட்டி ஊர். கிட்டத்தட்ட 400 கிலோமீட்டர். மாட்டு வண்டியில் இரண்டு வாரத்துக்கு மேல் ஆகும். ஆனால் அந்தப் பயணமே அவர்களுக்கு விடுமுறை. நீண்ட வண்டி, மேலே கூடாரத் துணி, முன்னால் ஜோடி ஜோடியாக மாடுகள். வெயில் ஏறினால் மரநிழலில் அவிழ்த்து விடுவார்கள். ராத்திரி நெருப்பைச் சுற்றித் தூக்கம். வண்டிப் பயணத்தை நாள்கணக்கில் நீளும் வனபோஜனம் என்ற பொருளில் லிவிங்ஸ்டனே சொல்லியிருக்கிறார். போய்ச் சேரும் இடமும் அப்படி. குருமனில் பாறைக்கு அடியிலிருந்து ஒரு ஊற்று வருகிறது. நாளொன்றுக்குச் சுமார் 2 கோடி லிட்டர். எந்தப் பஞ்சத்திலும் வற்றாதது. தாத்தா தோட்டக்காரர் என்று சொன்னேன் அல்லவா, அந்தத் தண்ணீரை வாய்க்காலில் கொண்டு வந்து பழத்தோட்டம் வைத்திருந்தார். வற்றிய கொலொபெங்கிலிருந்து வரும் பிள்ளைக்கு அந்த வாய்க்கால் எப்படி இருந்திருக்கும்!

இன்னொரு நீர் விளையாட்டு 1850-இல். நகாமி என்ற ஏரியை லிவிங்ஸ்டன் முந்தைய ஆண்டுதான் பார்த்துவிட்டு வந்திருந்தார். இந்த முறை மேரியையும் மூன்று பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு கலகாரிப் பாலைவனம் வழியாகப் போனார். பெரியவனுக்கு நான்கு வயது, கடைசிக்கு ஒன்று. மேரி கர்ப்பிணி. வண்டி ஏரிக்கரையில் போய் நின்றதும் பிள்ளைகள் வாத்துக் குஞ்சுகள் மாதிரி தண்ணீரில் இறங்கி அளைந்தார்களாம். அந்தக் குடும்பத்தைப் பற்றி நான் படித்ததில் முழுச் சந்தோஷமான பகல் அதுதான். உடனேயே காய்ச்சல் வந்துவிட்டது. பிள்ளைகளுக்கும் வந்தது. ஒரு ராத்திரி வெளியில் படுத்தால் பிள்ளைகளின் உடம்பில் கொசு கடிக்காத அரை அங்குல இடம் மிச்சமில்லை என்று அந்தப் பயணங்களைப் பற்றி எழுதுகிறார். கொசுதான் மலேரியாவைக் கொண்டு வருகிறது என்று அவருக்குத் தெரியாது. அதை நம் செகந்திராபாத்தில் ரொனால்ட் ராஸ் கண்டுபிடித்தது 1897-இல்.

திரும்பி வந்து ஆகஸ்டில் எலிசபெத் பிறந்தாள். ஆறு வாரம் இருந்தாள். மேரிக்கு முகத்தின் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. தேறுவதற்குக் குருமனுக்குப் போனார்கள். அந்த முறை அது விடுமுறை இல்லை.

அடுத்த ஆண்டே லிவிங்ஸ்டன் மறுபடி வடக்கே கிளம்பினார், அதே குடும்பத்தோடு. மேரி மறுபடி கர்ப்பிணி. சாணம் மெழுகிய அந்தப் பாட்டி மருமகனுக்கு ஒரு கடிதம் எழுதினார். ஒரு குழந்தையைப் பறிகொடுத்தது போதாதா, நிறைமாதப் பெண்ணையும் சின்னஞ்சிறுசுகளையும் காட்டில் இழுத்துக்கொண்டு அலைவது தகுமா என்று கேட்டிருந்தார். லிவிங்ஸ்டன் அதைத் தன் குறிப்பேட்டில் எழுதி வைத்தார். ஆனாலும் போனார். வழிகாட்டி வழி தவறி, கொண்டு போன தண்ணீரும் வேலையாள் கையால் வீணாகி, பிள்ளைகள் தாகத்தில் அழுதார்கள். ஐந்தாம் நாள் பிற்பகலில்தான் தண்ணீர் வந்தது. அதுவரை மேரி தன்னை ஒரு சொல் கடிந்து பேசவில்லை, கண்ணீர் மட்டும்தான் உள்ளே இருந்ததைக் காட்டியது என்கிறார். மக்கொலொலோ தலைவர் செபிட்டுவானே, பிள்ளைகளையும் நம்பிக் கூட்டி வந்தீர்களே என்று அகமகிழ்ந்தாராம். அந்த மகிழ்ச்சியின் பெறுமதி எனக்குப் புரிகிறது. ஆனாலும் நான் பாட்டி பக்கம்தான். ஐந்தாவது பிள்ளை வில்லியம் அந்தச் செப்டம்பரில் ஆற்றங்கரையில் பிறந்தான்.

1852 ஏப்ரல் 23 அன்று கேப் டவுனில் மேரியையும் நான்கு பிள்ளைகளையும் கப்பலேற்றி அனுப்பினார். அதே ஆண்டு கொலொபெங் வீட்டைப் போயர்கள், அதாவது அங்கே குடியேறிய டச்சு வழி வெள்ளைக்கார விவசாயிகள், சூறையாடினார்கள். அவர் கண்டத்தைக் கடந்து நடந்தார். உலகம் அவரைக் கொண்டாடியது. மேரி பிரிட்டனில் சொந்த வீடில்லாமல், கைச்செலவுக்குத் தட்டுப்பட்டு, பிள்ளைகளோடு இடம் மாறிக்கொண்டே நான்கரை ஆண்டு காத்திருந்தார்.

பிற்காலத்தில் லிவிங்ஸ்டன் ஒரு விஷயத்துக்காக மனம் வருந்தினார். கொலொபெங்கில் சாயங்காலம் ஆனதும் உடம்பும் மனசும் ஓய்ந்துபோய், விளையாட்டுக்கென்று தன்னிடம் எதுவும் மிச்சமிருக்காது, பிள்ளைகள் பக்கத்தில் இருந்தபோது அவர்களோடு விளையாடவில்லை, அவர்கள் தான் இல்லாத நேரத்தில் வளர்ந்துவிட்டார்கள், இப்போது கூட விளையாட யாரும் இல்லை என்று. எந்தப் பெரிய கண்டுபிடிப்பையும் விட இந்த வாக்குமூலத்துக்காக நான் அவரை மதிக்கிறேன்.

1858-இல் சாம்பசிக்குக் கொண்டு போன நீராவிப் படகுக்கு அவர் வைத்த பெயர் "மா-ராபர்ட்". அதே பயணத்தில் மேரி மறுபடி கருவுற்றிருந்ததால் கேப் டவுனில் இறங்கிக் குருமனுக்குத் தாய் வீட்டுக்குப் போனார். அங்கே நவம்பரில் கடைசிப் பெண் ஆன்னா மேரி பிறந்தாள். பிறகு அவளைப் பிரிட்டனில் விட்டுவிட்டுக் கணவரிடம் வந்த மேரி, 1862 ஏப்ரல் 27 அன்று சாம்பசிக் கரையில் ஷுபாங்காவில் காய்ச்சலில் இறந்தார். ஒரு பெரிய பாவோபாப் மரத்தடியில் அடக்கம் செய்தார்கள்.

லிவிங்ஸ்டன் ஊர் திரும்பியது 1864-இல். ஆன்னா மேரி தன் அப்பாவை முதன்முதலாகப் பார்த்தாள். அப்போது அவளுக்கு ஐந்து வயது.

வணக்கம்.